‘இந்தப் பக்கம்தான் வலிக்குது!’ - எந்தப் பக்கம்?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீடு. ராத்திரி ஒன்பதரை மணி. அங்கிருந்து கள்ளக்குறிச்சியில் இருக்கும் தம்பிக்கு அக்கா போன் பண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பி, அம்மாவுக்கு அரை மணியா ஒரே வலிடா. எழுந்து உட்காரவே முடியலைங்கறாங்க.”

“எங்கக்கா வலி?”

“வயித்துலதான்.”

“வயித்துல எங்க? மேலயா, கீழயா?”

“மேலதான்னு நினைக்கிறேன். இரு... இந்தப் பக்கமா இருக்கு.”

“எந்தப் பக்கம்க்கா?”

“நான் கை வச்சிருக்கேன் பாரு, இந்தப் பக்கம்!”

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால், அந்தத் தம்பியின் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது. வலி வலது பக்கம் அடிவயிற்றில் என்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலது பக்கம் மேல் வயிற்றில் என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். நெஞ்சுக்குழியில் என்றால் வெறும் ‘கேஸ்’ஸாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம்! சோடா குடிக்கச் சொல்லிவிட்டுக் காலையில் பார்க்கலாமா, இல்லை இப்போதே வண்டியை வரவழைத்து வளைந்து வளைந்து மலையிறங்க வேண்டுமா? இந்த முடிவு ‘இந்தப் பக்கம்’ என்ற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

டாக்டர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. காரணம், உடம்புக்கென்றே அவர்கள் தனியாகத் திசை வைத்திருக்கிறார்கள். ‘ஆன்டீரியர்’, ‘போஸ்டீரியர்’, ‘மீடியல்’, ‘லேட்டரல்’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் நம்மை மிரட்டும் வார்த்தைகள் எல்லாம் இந்தத் திசைப் பெயர்கள்தான். எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தில் உடற்கூறியலின் ஆரம்பப் பாடமே இதுதான். கள்ளக்குறிச்சிக்கு அருகே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது அல்லவா? 2022 ஜனவரி 12-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அங்கே படிக்கும் பிள்ளைகளும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் எலும்புக்கும் நரம்புக்கும் போக வேண்டும்.

அந்தப் பாடத்தை நாமும் ஒரு தடவை படித்து வைத்தால் என்ன? கஷ்டமே இல்லை, வாருங்கள்.

மலையைப் பார்த்துத் திசை

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குத் திசை சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை. மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கிழக்கு நோக்கி இறங்கி வருகிறது. ‘மேல்’ என்ற சொல்லிலிருந்து ‘மேற்கு’ம், ‘கீழ்’ என்ற சொல்லிலிருந்து ‘கிழக்கு’ம் வந்தன என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் விளக்குவார்கள். தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல். நிலம் சரிகிற விதத்தைப் பார்த்தே நம் முன்னோர் திசைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஊர் நகராது. அதனால் அதன் திசை மாறாது. மனுஷ உடம்பு அப்படியா? நிற்கிறது, உட்காருகிறது, குப்புறப் படுக்கிறது, திரும்பிப் படுக்கிறது. படுத்திருக்கும் ஒருவருக்கு ‘மேலே’ என்றால் எது? விட்டத்தைப் பார்க்கும் வயிறா, தலைப் பக்கமா? கையைத் தூக்கி நிற்பவருக்கு விரல் மேலேயா, தோள் மேலேயா?

இதற்கு மருத்துவர்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆள் எப்படி இருந்தாலும் சரி, ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அந்த நிலை இதுதான்: நிமிர்ந்து நிற்க வேண்டும். முகம் நேராக முன்னே பார்க்க வேண்டும். கால் விரல்கள் முன்னோக்கி இருக்க வேண்டும். கைகள் இரண்டும் உடம்பின் பக்கவாட்டில் தொங்க வேண்டும். உள்ளங்கைகள் முன்பக்கம் பார்க்க வேண்டும்.

‘உள்ளங்கை எதற்கு முன்னே பார்க்க வேண்டும்?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? நல்ல கேள்வி! முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உண்டு. உள்ளங்கையை முன்னே காட்டினால் அவை பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்கும். கையைப் புரட்டினால் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போய்விடும். அப்புறம் எது உள், எது வெளி என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

வலது... யாருக்கு வலது?

நீங்கள் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வலது கை, அவருடைய இடது கைக்கு எதிரே இருக்கிறது. இப்போது ‘வலது’ என்றால் யாருடைய வலது?

எப்போதும் நோயாளியின் வலதுதான். இதில் மாற்றமே கிடையாது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தப் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்பதாகக் கொள்ள வேண்டும். அதனால் அவருடைய இதயம் நமக்கு வலது கைப் பக்கம் சாய்ந்து தெரியும். “ஐயையோ, இதயம் வலது பக்கம் இருக்கே!” என்று பதறாதீர்கள். படத்தின் ஓரத்தில் ‘ஆர்’ அல்லது ‘எல்’ என்று ஆங்கில எழுத்து இருக்கும். அது நோயாளியின் வலது, இடது பக்கத்தைக் காட்டும் அடையாளம்.

நிஜமாகவே இதயம் வலது பக்கம் இருப்பவர்களும் உண்டு. சிலருக்கு ஈரல், இரைப்பை, குடல்வால் எல்லாமே கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறி இருக்கும். ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி அமையும். பெரும்பாலும் தொந்தரவு இல்லாமல் வாழ்ந்துவிடுவார்கள். ஆனால், அவர்களுக்குக் குடல்வால் வலி வந்தால் இடது பக்கம் வரும்! எக்ஸ்ரேயில் அந்த ஒரு எழுத்து எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

மேல், கீழ் - தரம் இல்லை, இடம்!

தலைப் பக்கம் ‘சுபீரியர்’. பாதத்தின் பக்கம் ‘இன்ஃபீரியர்’. ஈ.சி.ஜி. ரிப்போர்ட்டில் ‘இன்ஃபீரியர் வால்’ என்று எழுதியிருந்தால், இதயம் தரக்குறைவானது என்று அர்த்தமில்லை. இதயத்தின் கீழ்ச்சுவர் என்று அர்த்தம். அவ்வளவுதான். (ஆனால், அங்கே பாதிப்பு என்று எழுதியிருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.)

நோயாளி படுத்திருந்தாலும், தலைகீழாக நின்று யோகாசனம் செய்தாலும், தலைப் பக்கம்தான் மேல். மூக்கு எப்போதும் வாய்க்கு மேலே. தொப்புள் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே.

தொழுவத்தில் நிற்கும் மாட்டை நினைத்துப் பாருங்கள். அதற்குத் தலை முன்னே இருக்கிறது, முதுகு மேலே இருக்கிறது. நம் கணக்கு அதற்குச் சரிப்படாது. அதனால் கால்நடை மருத்துவர்கள் ‘தலைப் பக்கம்’, ‘வால் பக்கம்’ என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்றதால் திசைக்கும் பெயர் மாறிவிட்டது!

முன், பின் - கர்ப்பிணிகளின் கவலை

முன்பக்கம் ‘ஆன்டீரியர்’. பின்பக்கம் ‘போஸ்டீரியர்’. இந்த இரண்டு வார்த்தைகளால் தூக்கம் கெடும் கர்ப்பிணிகள் ஏராளம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிளாசென்டா போஸ்டீரியர்’ என்று இருக்கும். உடனே பக்கத்து வீட்டு அம்மா ஒரு அர்த்தம் சொல்வார். நாத்தனார் வேறு ஒன்று சொல்வார்.

விஷயம் இதுதான். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் பின்சுவரில் ஒட்டியிருந்தால் போஸ்டீரியர். முன்சுவரில் ஒட்டியிருந்தால் ஆன்டீரியர். இரண்டுமே சகஜம். முன்பக்கம் இருந்தால் குழந்தையின் உதையைக் கொஞ்சம் தாமதமாக உணரலாம், நடுவில் மெத்தை வைத்தது போல. ‘முன்பக்கம் இருந்தால் பெண், பின்பக்கம் இருந்தால் ஆண்’ என்பதெல்லாம் வெறும் பேச்சு. என்ன குழந்தை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வதும் கேட்பதும் 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நஞ்சுக்கொடி மிகவும் கீழே இறங்கி, கர்ப்பப்பை வாயை ஒட்டியோ மூடியோ இருக்கிறது என்று எழுதியிருந்தால், அதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும். ரத்தப்போக்கு வரலாம் என்பதால், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். மலையூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

உள்பக்கம், வெளிப்பக்கம் - சுண்டு விரல் எதில் சேர்த்தி?

உடம்பை நெற்றி உச்சியிலிருந்து நேர்கோடாக இரண்டாகப் பிரியுங்கள். அந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ‘மீடியல்’, அதாவது உள்பக்கம். கோட்டை விட்டு விலகி இருப்பது ‘லேட்டரல்’, அதாவது வெளிப்பக்கம். கணுக்காலில் இரண்டு பக்கமும் இரண்டு முண்டு இருக்கிறதே, பெருவிரல் பக்கம் இருப்பது மீடியல், சுண்டு விரல் பக்கம் இருப்பது லேட்டரல்.

கைக்கு வந்தால் ஒரு சின்ன வேடிக்கை. நாம் சும்மா நிற்கும்போது கட்டை விரல் உடம்புப் பக்கம் திரும்பியிருக்கும். ஆனால், நாம் பேசிக்கொண்ட நிலையில் நின்று உள்ளங்கையை முன்னே காட்டிப் பாருங்கள். சுண்டு விரல் உடம்போடு ஒட்டும், கட்டை விரல் வெளியே போகும். ஆக, சுண்டு விரல்தான் உள்பக்கம்!

மாரடைப்பு வலி பலருக்கு இடது தோளிலிருந்து கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டு விரல் வரை போகும். தாடைக்கு ஏறலாம், முதுகுக்கும் போகலாம். சிலருக்கு, அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், கையில் வலியே இல்லாமல் நெஞ்சுக்குழியில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி என்று மட்டும் வரலாம். ‘கேஸ்’ என்று நினைத்து விட்டுவிடக் கூடாத இடம் இது.

கோமுகி ஆறும் நம் கையும்

கை, கால்களுக்கு மட்டும் இன்னொரு ஜோடி வார்த்தை உண்டு. ‘பிராக்ஸிமல்’, ‘டிஸ்டல்’. அண்மை, சேய்மை என்று தமிழில் அழகாகச் சொல்லலாம்.

கோமுகி ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் புறப்படுகிறது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் அணை. அப்புறம் கள்ளக்குறிச்சி. மலைக்குக் கிட்டே இருப்பது அண்மை. தள்ளிப் போகப் போகச் சேய்மை. கைக்குத் தோள்தான் மலை. முழங்கை அணை. விரல் நுனி கடைமடை. கையை மேலே தூக்கினாலும் கீழே தொங்கப்போட்டாலும் தோளுக்குக் கிட்டே இருப்பதுதான் அண்மை. ‘மேல், கீழ்’ என்று சொன்னால் வரும் குழப்பம் இதில் வராது.

பாம்புக்கடிக்கு இது நேரடியாகப் பொருந்தும். ‘கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு’ என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய மருத்துவம் அதை வேண்டாம் என்கிறது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகிப்போகலாம். கீறுவதும் வேண்டாம், வாய் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி ஆடாமல் வையுங்கள். மோதிரம், மெட்டி, வளையல், கொலுசு இருந்தால் உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு அவை வெளியே வராது. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போகும்போது ஒரு பேனாவால் வீக்கம் எந்த இடம் வரை வந்திருக்கிறது என்று தோலில் கோடு போட்டு நேரத்தையும் எழுதினால், டாக்டருக்குப் பேருதவி. ‘எட்டு மணிக்குக் கணுக்கால் வரைக்கும் இருந்தது, ஒன்பதுக்கு முழங்காலைத் தொட்டுடுச்சு’ என்றால் விஷம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் தோளிலிருந்து விரல் வரை எல்லாமே ‘கை’. இடுப்பிலிருந்து பாதம் வரை எல்லாமே ‘கால்’. ‘காலில் கடித்துவிட்டது’ என்றால் டாக்டருக்குப் போதாது. தொடையா, முழங்காலா, ஆடுசதையா, கணுக்காலா, பாதமா? நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? சொல்லத்தான் சோம்பல்!

வயிற்றில் ஒரு பிளஸ் குறி

வயிற்று வலியைச் சொல்ல ஒரு சுலபமான வழி. தொப்புள் வழியாக நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போடுங்கள், ஒரு பிளஸ் குறி மாதிரி. வயிறு நான்கு கட்டங்களாகப் பிரிந்துவிடும்.

வலது மேல் கட்டத்தில் ஈரலும் பித்தப்பையும் இருக்கின்றன. பித்தப்பை வலி முதுகில் வலது தோள்பட்டை எலும்பு வரை போகலாம். இடது மேல் கட்டத்தில் இரைப்பையின் பெரும்பகுதியும் மண்ணீரலும். வலது கீழ் கட்டத்தில் குடல்வால். இந்த வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொட்டால் அதிகமாக வலிக்கும் என்று 1889-ல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி என்ற அறுவை மருத்துவர் எழுதினார். இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான்.

சிறுநீரகக் கல் வலி முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே தொடங்கி, முன்பக்கமாகத் தொடையிடுக்குக்கு இறங்கும். கணையத்தில் வீக்கம் என்றால் மேல் வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவிப் போகும். ஆக, ‘எங்கே வலிக்கிறது’ என்பது பாதி விடை. ‘எங்கே தொடங்கி எங்கே போகிறது’ என்பது மீதி.

மூளையில் இடது, உடம்பில் வலது

ஒரே பக்கம், எதிர்ப் பக்கம் என்றும் இரண்டு திசை உண்டு. பக்கவாதத்தில் இது தெளிவாகத் தெரியும். மூளையின் இடது பக்கம் அடைப்பு வந்தால் வலது கை, கால் இழுத்துக்கொள்ளும். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை வழியில் குறுக்கே மாறிப் போவதுதான் காரணம். ‘வலது கை வரலை, ஆனா ஸ்கேன்ல இடது பக்கம்னு போட்டிருக்காங்களே, மாத்தி எழுதிட்டாங்களா?’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வாய் கோணுதல், ஒரு பக்கம் கை விழுதல், பேச்சுக் குழறல். இதில் எது வந்தாலும், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நேரமும் அதில்தான் சேர்த்தி.

ஊசியிலும் திசை!

இடுப்பில் ஊசி போடும்போது நர்ஸ் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. ஒரு பக்கப் பிட்டத்தை மனசுக்குள் நான்காகப் பிரித்து, மேல்-வெளிக் கட்டத்தில் போட வேண்டும் என்பது விதி. உள்பக்கமோ கீழேயோ போனால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போய்விடலாம். ‘மேல்’, ‘வெளி’ என்ற இரண்டு சின்ன வார்த்தைகள் ஒரு காலைக் காப்பாற்றுகின்றன. போலி மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைக்குழந்தைக்குப் பிட்டத்தில் போடுவதில்லை. தொடையின் முன்-வெளிப்பக்கத்தில், நடுவில் போடுகிறார்கள். அங்கே சதை உண்டு, பெரிய நரம்பு இல்லை. எந்தத் தடுப்பூசி எந்தப் பக்கம் என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. பி.சி.ஜி. இடது மேல்கையில். பென்டாவேலன்ட் இடது தொடையில். தட்டம்மை-ரூபெல்லா வலது மேல்கையில். பிற்பாடு வீக்கம் வந்தால் எந்த ஊசியால் என்று சொல்ல இது உதவும்.

மரவள்ளிக் கிழங்கும் சி.டி. ஸ்கேனும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளிக் கிழங்குக்குப் பஞ்சமில்லை. ஒரு கிழங்கை எடுத்து வட்ட வட்டமாக நறுக்குங்கள். இது குறுக்கு வெட்டு. சி.டி. ஸ்கேன் உடம்பைப் பெரும்பாலும் இப்படித்தான் வில்லை வில்லையாகக் காட்டும். கிழங்கை நெடுக்கே பிளந்தால் நெடு வெட்டு. உடம்பில் அது இரண்டு வகை. இடது, வலது எனப் பிரித்தால் ஒன்று. முன், பின் எனப் பிரித்தால் இன்னொன்று.

குறுக்கு வில்லைகளை நோயாளியின் கால் பக்கத்திலிருந்து தலையை நோக்கிப் பார்ப்பதாக வழக்கம். அதனால் இங்கேயும் நோயாளியின் வலது, நமக்கு இடது பக்கம் வரும்.

பக்கம் மாறினால்...

1995-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு, எடுக்க வேண்டிய காலை விட்டுவிட்டு அடுத்த காலை எடுத்துவிட்டார்கள். உலகமே அதிர்ந்தது. எவ்வளவு படித்த டாக்டராக இருந்தாலும் இடது, வலது குழம்பலாம் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. 2004-ல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இதற்கென்று விதிகள் வந்தன. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கீறல் போடுவதற்கு முன், நோயாளி வெளியே போவதற்கு முன் என்று மூன்று முறை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதித்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தன என்று 2009-ல் முடிவு வெளியானது.

அதனால், ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் வந்து “எந்தக் கண்ணும்மா?” என்று கேட்பார். அப்புறம் மயக்க டாக்டர் வந்து அதையே கேட்பார். “எத்தனை தடவைதான் சொல்றது?” என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேட்டால் நல்ல ஆஸ்பத்திரி என்று அர்த்தம். ஆபரேஷன் செய்யும் பக்கத்தில் பேனாவால் அடையாளம் போடுவார்கள். போடவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். தப்பே இல்லை.

தமிழில் முடியாதா?

இந்தப் பெயர்களுக்கும் ஒரு கதை உண்டு. ஒரே உறுப்புக்கு ஊருக்கொரு பெயர் என்று ஐரோப்பாவில் உடற்கூறியல் சொற்கள் ஐம்பதாயிரத்தைத் தொட்டிருந்தன. 1895-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடி அதை ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தார்கள். ஜெர்மன் டாக்டரும் ஜப்பான் டாக்டரும் இன்று ஒரே வார்த்தையில் பேசிக்கொள்வது இதனால்தான்.

நம் மொழிக்கும் இது புதிதல்ல. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். லண்டனில் 1858-ல் வெளியான கிரேயின் உடற்கூறியல் நூல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872-லேயே தமிழில் வந்துவிட்டது! அப்போதே முடிந்தது, இப்போது நம் வீட்டு வலியைத் தமிழில் தெளிவாகச் சொல்ல நம்மால் முடியாதா என்ன?

போனில் சொல்ல ஆறு விஷயம்

* பக்கம்: வலதா, இடதா? எப்போதும் நோயாளியின் பக்கம்.

* உயரம்: தொப்புளுக்கு மேலா, கீழா? முழங்காலுக்கு மேலா, கீழா? தெரிந்த ஒரு உறுப்பைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

* முன்னா, பின்னா? முன்னிருந்து பின்னுக்குப் போகிறதா?

* உள்பக்கமா, வெளிப்பக்கமா? கை, கால் என்றால் எந்தப் பகுதி?

* மேலோட்டமா, ஆழமா? தோலில் எரிச்சலா, உள்ளே பிசைகிறதா?

* எத்தனை மணிக்கு, எங்கே தொடங்கி, எங்கே போயிற்று?

ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரல் போதுமா, உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாரா என்பதே டாக்டருக்கு ஒரு தகவல்.

சரி, வெள்ளிமலை போனுக்கு வருவோம். இந்த முறை அக்கா இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார்.

“தம்பி, அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சுதுடா. தொப்புளுக்கு மேல, நடுவுல, நெஞ்சுக்குழியில. உள்ளங்கையை விரிச்சுக் காட்டுறாங்க. இடது கை உள்பக்கமா சுண்டு விரல் வரைக்கும் இறங்குதாம். வேர்த்துக் கொட்டுது.”

“அக்கா, அம்மாவை நடக்க விடாத. சாய்ஞ்சு உட்கார வை. 108-க்குச் சொல்லு, இதையே அப்படியே சொல்லு. நான் ஜி.எச்.சுக்குப் போய் நிக்கிறேன்.”

இருபது விநாடிப் பேச்சுதான். காலை வரை காத்திருப்பதா வேண்டாமா என்ற கேள்வியே அதில் எழவில்லை.